எழும்பும் நேரம்: குழித்துறை ரயில் மறியலை முன்வைத்து ஒரு கூட்டப் பாதுகாப்பு நிகழ்வு ஆய்வு

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. ஒரு வாரம் கழிந்தும் ஆழ்கடல் தொழிலுக்குப் போன பலர் கரை திரும்பவில்லை. தேடுதல் போதவில்லை என்று தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர் மக்கள் டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கில் நடந்தே வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள், பங்குத்தந்தையர் என எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நாகர்கோவில் – திருவனந்தபுரம் பாதையில் ரயில்கள் நின்றுபோயின. முதலமைச்சர் நேரில் வருவார் என்ற உறுதியை ஏற்று, இரவு வெகுநேரம் கழித்தே கூட்டம் கலைந்தது. டிசம்பர் 12 அன்று அவர் மாவட்டத்துக்கு வந்தார்.

கோரிக்கையின் நியாயத்தை இங்கே அலசப் போவதில்லை. அன்றைக்கு மறியல் நடந்த மாதிரியான ஓர் இடத்தில், அத்தனை பேர், அத்தனை மணி நேரம் இருக்கும்போது எந்தெந்தப் புள்ளியில் உயிர் போகலாம் என்பதுதான் கணக்கு. மறியல் என்றால் எல்லாரும் தடியடியை நினைத்துப் பயப்படுகிறார்கள். கூட்டம் முடிந்து எழும்பிப் போகும் அந்த ஒரு மணி நேரத்தை யாரும் யோசிப்பதில்லை. இந்த ஆய்வின் பெரும்பகுதி அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியது.

நடந்து வரும்போது

கடப்புறத்திலிருந்து, அதாவது கடற்கரை ஊர்களிலிருந்து, குழித்துறைக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடை. 5,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். வரிசைக்கு நான்கு பேர், வரிசைக்கு வரிசை ஒன்றரை மீட்டர் இடைவெளி என்றால் ஊர்வலத்தின் நீளம் ஏறக்குறைய 1.9 கிலோமீட்டர். பிள்ளைகளோடு நடக்கும் கூட்டம் மணிக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் போகாது. அதாவது தலை வந்து சேர்ந்து நாற்பது நிமிடம் ஆன பிறகே வால் வந்து சேரும்.

முன்னால் போகிறவர்கள் ஏதோ ஒரு முக்கில் நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாது. அவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், நடுவில் இருப்பவர்கள் நசுங்குவார்கள். யாரும் வேண்டுமென்று தள்ளுவதில்லை. ஒவ்வொருவரும் அரை அடி மட்டுமே முன்னால் வைக்கிறார்கள், ஆயிரம் அரை அடி சேர்ந்து நடுவில் இருப்பவரின் நெஞ்சில் இறங்குகிறது. அதனால் ‘நில்லு’ என்ற சொல் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும்: வாலை முதலில் நிறுத்தி, அப்புறம் நடு, கடைசியாகத் தலை. 200 மீட்டருக்கு ஒருவர் கையில் கொடியோ விசிலோ வைத்திருந்தால் போதும். அன்றைய வாரத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து பல ஊர்களில் மின்சாரமே இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் செல்போனை நம்பி ஏற்பாடு செய்வது வீண்.

கடப்புறத்துக்கு ஒரு வசதி உண்டு. வேறு ஊர்களில் கூட்டத்தைப் பிரித்து எண்ண ஆள் தேட வேண்டும். இங்கே அன்பியம் அன்பியமாக (பங்குக்குள் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) வீடுகள் ஏற்கெனவே பிரிந்திருக்கின்றன, யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது பொறுப்பாளருக்கு மனப்பாடம். புறப்படும்போது அன்பியவாரியாகப் பெயர் எழுதி, ஒரு தாள் ஊரிலும் ஒரு தாள் பொறுப்பாளர் கையிலும் இருக்க வேண்டும். நூறு பேருக்கு ஒரு தொண்டர் என்பது குறைந்தபட்சம். தொண்டர் என்றால் கோஷம் போடுகிறவர் என்று அர்த்தமில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும், மேடையைப் பார்த்து நிற்கக் கூடாது.

தண்டவாளம் என்ற தளம்

ரோட்டில் உட்காருவதும் தண்டவாளத்தில் உட்காருவதும் ஒன்றல்ல. தண்டவாளத்தில் கிடப்பது 20 முதல் 65 மில்லிமீட்டர் வரையுள்ள சரளைக் கல். நடந்தால் கணுக்கால் புரளும், ஓடினால் விழுவது நிச்சயம். அகலப்பாதையின் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையில் 1,676 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய 60 சென்டிமீட்டருக்கு ஒரு கான்கிரீட் ஸ்லீப்பர். இருட்டில் இந்த அளவு யாருடைய நடைக்கும் ஒத்துவராது. உயர்மட்ட நடைமேடை தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர் உயரம். கீழே இறங்குவது சுலபம், வயதான அம்மா ஒருவர் மேலே ஏறுவது சுலபமில்லை. ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும். பெஞ்சையோ மீன் கூடையைக் கவிழ்த்தோ படியாகப் போட்டால் அது புரண்டு இன்னொரு விபத்து. மணல் மூட்டை அடுக்கினால் நிற்கும்.

தலைக்கு மேல் 25,000 வோல்ட். கம்பி ஏறக்குறைய 5.5 மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. தொட வேண்டியதில்லை, 2 மீட்டருக்குள் போனாலே மின்சாரம் பாயலாம். அப்படியானால் தரையிலிருந்து மூன்றரை மீட்டருக்கு மேல் எதுவும் போகக் கூடாது. ஆள் உயரம் ஒன்றரை மீட்டர், தூக்கிய கை, அதில் ஓர் ஆள் நீளக் கம்பு என்று கூட்டினால் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. மூங்கில்தானே என்று அசட்டையாக இருப்பவர்கள் டிசம்பர் மழையில் நனைந்த மூங்கிலை யோசிக்க வேண்டும். கொடிக்கம்பு ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும், பேனரை இடுப்பளவில் பிடிக்கட்டும். நின்றுபோன எஞ்சின் மேல் ஏறிப் படம் எடுப்பது மறியல் தோறும் நடக்கிற பைத்தியக்காரத்தனம். 2018 ஏப்ரலில் திண்டிவனத்தில் காவிரிக்காக நடந்த ரயில் மறியலில் எஞ்சின் மேல் ஏறியவரை மின்சாரம் தாக்கியதைப் பார்த்த பிறகும் அது நிற்கவில்லை.

ரயில் வேகத்தில் வந்தால் நிற்க ஒரு கிலோமீட்டர் வரை வேண்டும். குழித்துறை வழியே அன்றைக்கு ஓடியது ஒற்றைப் பாதை, இரண்டு திசையிலிருந்தும் வண்டி வரும். ஆட்கள் தண்டவாளத்தில் இறங்கும் முன் நிலைய அதிகாரிக்குத் தகவல் போய், அவர் இரண்டு பக்கமும் சிக்னலை நிறுத்திய பிறகே முதல் கால் இறங்க வேண்டும். ‘சொன்னால் தடுத்துவிடுவார்கள்’ என்று ஒளிப்பதுண்டு. ஆயிரக்கணக்கானோர் நடந்து வருவது எப்படியும் ஒளியாது. ஒளிப்பதால் கிடைப்பது ஒன்றுமில்லை, வளைவில் வரும் ஒரு வண்டிதான் மிச்சம்.

உட்கார்ந்த கூட்டம்

கூட்டத்தின் ஆபத்தை அளக்க ஒரே அளவு போதும்: ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை பேர். இரண்டு மூன்று பேர் என்றால் நடக்கலாம். நான்கில் தோள் உரசும். ஐந்தில் நாலு பக்கமும் ஆள் ஒட்டும். அதுவே கிளம்ப வேண்டிய அடையாளம். ஆறு ஏழு ஆனால் கூட்டம் தண்ணீரைப் போல அலையடிக்கும், எங்கே போவது என்பது உங்கள் கால் முடிவு செய்வதில்லை. கூட்ட நெரிசலில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்றபடியே, நெஞ்சு விரிய இடமில்லாமல், மூச்சு முட்டிச் சாகிறார்கள்.

தரையில் உட்கார்ந்தவருக்கு அரை சதுர மீட்டருக்கும் மேலே வேண்டும். அதனால் உட்கார்ந்த கூட்டம் தானாகவே சதுர மீட்டருக்கு இரண்டு பேருக்குள் நின்றுகொள்கிறது. மறியலில் உட்காருவது போராட்ட முறை மட்டுமில்லை, நல்ல பாதுகாப்பு முறையும்கூட. தொண்டர்கள் அன்றைக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் யாரையும் எழும்ப விடாமல் இருப்பது. அமைச்சர் வருகிறார், கலெக்டர் வருகிறார் என்ற பேச்சு வந்தால் முன்வரிசை எழும்பும், பின்வரிசைக்கு மறைக்கும், அதுவும் எழும்பி முன்னே நகரும். பேச வருகிறவரை கூட்டத்துக்குள் நடத்திக் கூட்டி வராமல், ஓரத்தில் உயரமான இடத்தில் நிறுத்தி மைக்கில் பேச வைத்தால் இந்த நகர்வு நடக்காது. கூட்டத்தின் நடுவே 3 மீட்டர் அகலத்தில் கயிறு கட்டி ஒரு வழி வெறுமையாக இருக்க வேண்டும். மயங்கியவரை ஸ்ட்ரெச்சரில் எடுக்க அது இல்லாவிட்டால் கைமாற்றித் தூக்கித்தான் கொடுக்க வேண்டும்.

பல மணி நேரம் உட்காரும் கூட்டத்தில் மயக்கம் யாருக்கு முதலில் வரும் என்றால், பெண்களுக்கு. காரணம் வெயில் மட்டுமில்லை. கழிப்பிடம் இருக்காது என்று தெரிந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். இதைப் போராட்ட ஏற்பாட்டில் யாரும் பேசுவதில்லை, பேசக் கூச்சம். நிலையத்தைச் சுற்றியுள்ள வீடுகள், பள்ளி, ஆலயம் இவற்றில் நாலைந்து கழிப்பிடங்களைத் திறந்து வைக்கச் சொல்லி, ‘பெண்களுக்கு இங்கே’ என்று எழுதி ஒட்டிவிட்டால் மயக்கம் குறையும். உப்புப் போட்ட கஞ்சிவெள்ளம் (கஞ்சித் தண்ணீர்) நம் ஊரில் கிடைக்கிற நல்ல மருந்து. அது இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டி தலைதட்டி இருக்க வேண்டும். சர்க்கரை நோய், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரவு வேளை மாத்திரையையும் கையில் எடுத்து வர வேண்டும். மதியம் முடியும் என்று நினைத்த மறியல் இரவு வரை நீளும் என்பதற்குக் குழித்துறையே சாட்சி.

எழும்பும் நேரம்

இனி முக்கியமான இடம். இருட்டு. எல்லாரும் களைப்பு. பிள்ளைகள் தூக்கத்தில். மைக்கில் ‘கோரிக்கை ஏற்கப்பட்டது’ என்று ஒரு குரல். அடுத்த நிமிடம் 5,000 பேரும் சேர்ந்து எழும்பினால், எல்லா முகமும் ஒரே வாசலைப் பார்க்கிறது, உட்கார்ந்திருந்தபோது இருந்த இடைவெளி சுருங்கிப்போகிறது.

கணக்கைப் பாருங்கள். சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்தில் 80 பேர் அளவுக்குப் போகலாம். படியில் 65 பேர். வெளியே போகும் வழி 3 மீட்டர் அகலம் என்றால் நிமிடத்துக்கு 240. 5,000 பேர் போக இருபது நிமிடத்துக்கு மேல். இரண்டு மீட்டர் அகலப் படி என்றால் 38 நிமிடம். இது நல்ல வெளிச்சத்தில், காய்ந்த தரையில், யாரும் நிற்காமல் நடந்தால். ஒருவர் செருப்புத் தேடக் குனிந்தால் கணக்கு தப்பும்.

இதே கண்ணி வேறு இடங்களில் எப்படி இறுகியது என்பதைப் பார்த்தால் புரியும். 2011 ஜனவரி 14, சபரிமலைக்குப் போகும் புல்மேடு: மகரவிளக்கு பார்த்துத் திரும்பும் வழியில், இருட்டில், நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஜோதியைப் பார்க்க வந்தபோது ஆபத்தில்லை, திரும்பும்போதுதான். 2017 செப்டம்பர் 29, மும்பை எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலைய நடைபாலம்: மழைக்கு ஒதுங்கியவர்களும் வண்டியிலிருந்து இறங்கியவர்களும் ஒரே படியில் சந்தித்தார்கள், 23 பேர் போனார்கள். பூ விழுந்தது என்ற சொல்லைப் பாலம் விழுந்தது என்று காதில் வாங்கியதாகவும் அங்கே பேச்சு எழுந்தது. இந்தியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. குழித்துறை மறியலுக்குப் பத்து வாரம் முன்பு நடந்தது இது. 2025 செப்டம்பர் 27, கரூர்: பல மணி நேரம் காத்திருந்த கூட்டத்தில் 41 பேர். காத்திருப்பு கூட்டத்தின் உடம்பிலிருந்து பலத்தை உறிஞ்சிவிடும், தள்ளு வரும் நேரத்தில் தாங்கும் கால் இருக்காது.

ஆகவே முடிவை அறிவிக்கும் ஒழுங்கு முன்கூட்டியே எழுதி வைக்கப்பட வேண்டும். மைக்கில் முதல் சொல் வெற்றியாக இருக்கக் கூடாது. ‘யாரும் எழும்பாண்டாம், இருந்த இடத்திலேயே இருங்க’ என்பதுதான் முதல் சொல். அதைக் கூட்டத்துக்குப் பழகிய குரல், பங்குத்தந்தையோ ஊர்த்தலைவரோ, சொல்ல வேண்டும். போலீஸ் மைக்கில் வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அதற்குள் வெளிச்சம் வந்திருக்க வேண்டும்: ஜெனரேட்டர் விளக்கு, இல்லாவிட்டால் வண்டிகளின் ஹெட்லைட் வெளியேறும் பாதையைப் பார்த்து, ஆட்களின் கண்ணைப் பார்த்து அல்ல. பிறகு ஊர் பெயர் சொல்லி விட வேண்டும். வாசலுக்கு அருகில் இருக்கும் ஊர் முதலில், தூரத்தில் இருப்பது கடைசியில். மாற்றி அழைத்தால் பின்னால் இருப்பவர்கள் முன்னால் இருப்பவர்களைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். கைக்குழந்தைக்காரர்களும் வயதானவர்களும் அவரவர் ஊரோடேயே, ஆனால் ஊரின் முதல் வரிசையில். ஒரு ஊர் வாசலைத் தாண்டி ஐம்பது மீட்டர் போன பிறகே அடுத்த ஊரின் பெயர்.

பஸ்ஸும் வேனும் வாசலிலேயே நின்றால் அதுவே அடைப்பு. அரை கிலோமீட்டர் தள்ளி, இரண்டு மூன்று இடங்களில், ஊர் பெயர் எழுதி நிற்கட்டும். அன்றைக்கு மார்த்தாண்டத்தில் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் வண்டி திருப்புவது பகலிலேயே பாடு. இப்படிப்பட்ட இடத்தில் வண்டிகளை ஒரு வழியாக வரவிட்டு வேறு வழியாக அனுப்பாவிட்டால், நெரிசல் நிலையத்திலிருந்து ரோட்டுக்கு மாறுமே தவிர தீராது. ஆடியில் வாவுபலி பொருட்காட்சிக்குக் குழித்துறையில் கூட்டம் சமாளிக்கிறவர்களுக்கு இந்தச் சந்து பொந்தெல்லாம் தெரியும், அவர்களைக் கேட்கலாம்.

இன்னொன்று எல்லாருக்கும் மறந்துபோகிறது. வாசலில் கூட்டம் என்று தண்டவாளம் வழியாகவே வீட்டுக்கு நடக்கிறவர்கள் இருப்பார்கள். மறியல் முடிந்ததாகச் செய்தி போனதும் நிறுத்தி வைத்த வண்டிகள் கிளம்பும். இரண்டு திசையிலும் ஒரு கிலோமீட்டர் வரை டார்ச்சுடன் ரயில்வே ஆளும் தொண்டரும் சேர்ந்து நடந்து பார்த்து, ‘பாதை காலி’ என்று நிலைய அதிகாரியிடம் நேரில் சொன்ன பிறகே சிக்னல் மாற வேண்டும்.

நடுவில் மாட்டிய தனி ஆள்

நெருக்கம் ஏறுகிறது என்று தெரிந்தால் முன்னேயும் போக வேண்டாம், எதிர்த்தும் தள்ள வேண்டாம். அலை தள்ளும்போது அதோடு போய், அது தளரும் நொடியில் சாய்வாக ஓரத்தை நோக்கி இரண்டடி வையுங்கள். மறுபடி அலை வந்தால் நில்லுங்கள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துவிடலாம். ஆனால் ஓரத்தில் சுவரோ கம்பி வேலியோ இருந்தால் அந்தப் பக்கம் போகவே கூடாது. கைகளை மடக்கி, முழங்கை வெளியே தெரிய, நெஞ்சுக்கு முன்னால் ஒரு சாண் இடம் விட்டுப் பிடியுங்கள். மூச்சுக்கான இடம் அது. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. கத்த வேண்டாம், காற்று வீணாகும். கீழே எது விழுந்தாலும், போனாகவே இருந்தாலும், குனிய வேண்டாம். விழுந்துவிட்டால் பக்கவாட்டில் சுருண்டு, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, கைகளால் தலையையும் கழுத்தையும் மூடி, முதல் சந்தர்ப்பத்தில் யாருடைய காலையாவது பிடித்து எழும்புங்கள்.

பிள்ளையைக் கையைப் பிடித்து நடத்தினால் அதன் நெஞ்சு பெரியவர்களின் இடுப்பளவில் நசுங்கும். தோளில் ஏற்றிவிடுங்கள். பேனாவால் கையில் ஒரு போன் நம்பர் எழுதுங்கள், காகிதம் நனையும். சேலைத் தலைப்பைச் செருகுங்கள், துப்பட்டாவும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் வேண்டாம், வேட்டியை மடித்துக் கட்டுங்கள். ஹவாய் செருப்பு கழன்று விழும். வார் செருப்போ ஷூவோ போடுங்கள்.

தடியும் புகையும்

கண்ணீர்ப் புகை வந்தால் காற்று வரும் திசையைப் பார்த்து, கூட்டமாக ஓடாமல், நடக்க வேண்டும். குண்டு சூடாக இருக்கும், கையால் எடுக்காதீர்கள். கண்ணைக் கசக்கக் கூடாது. சாதாரணத் தண்ணீரால் பத்துப் பதினைந்து நிமிடம் கண்ணைக் கழுவுங்கள், தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் தண்ணீர் போகும்படி. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் உடனே கழற்ற வேண்டும். வெங்காயம், எலுமிச்சை, பற்பசை எல்லாம் ஊர்ப்பேச்சு, எரிச்சல் கூடும். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலர் இல்லாமல் வரவே கூடாது. தடியடியில் தலையும் முழங்கையும் உடையும். ஓடுகிறவர் எல்லாரும் ஓடும் சந்துக்குள் போகாதீர்கள், அதன் மறுமுனை அடைத்திருந்தால் உள்ளேயே நெரிசல். கலைந்து போகச் சொல்லும் உத்தரவு மைக்கில் வந்ததும், பிள்ளைகளும் வயதானவர்களும் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். அதைச் சொல்லும் அதிகாரம் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஆம் பிரிவு.

ரயில் மறியலுக்கு ரயில்வே சட்டம் 1989-இன் 174-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டவாளத்தில் இறங்குகிறவர் இதைத் தெரிந்து இறங்கட்டும். கைது நடந்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு, விதிவிலக்கான காரணமும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் இல்லாமல், கைது செய்யக் கூடாது.

முதல் நான்கு நிமிடம்

நசுங்கி மூச்சு நின்றவருக்கு நேரம் நான்கு நிமிடம்தான். சுற்றிலும் ஆட்களைக் கைகோத்து நிற்கவைத்து இடம் உண்டாக்குங்கள். பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால், சரளைக் கல்லில் வேண்டாம், சமதரைக்கு எடுத்து மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். தெரிந்தவர் இருந்தால் முப்பது அழுத்தத்துக்கு இரண்டு முறை வாய்வழி மூச்சு. இவர்களுக்குக் குறைந்தது காற்று, ஆகவே மூச்சு கொடுப்பது முக்கியம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 108-ஐ அழைக்கும்போது ‘ரயில் நிலையம்’ என்று மட்டும் சொல்லாமல் எந்தப் பக்க வாசல் என்று சொல்லுங்கள், ரோட்டில் ஒருவர் நின்று கைகாட்டட்டும். சிறு அடிக்குக் குழித்துறை அரசு மருத்துவமனை கிட்டே இருக்கிறது. நெஞ்சு நசுங்கியவர் எழும்பி உட்கார்ந்து ‘ஒண்ணும் இல்ல’ என்று சொன்னாலும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி வரை கொண்டுபோய்க் காட்டத்தான் வேண்டும். உள்ளே அடிபட்டிருப்பது சில மணி நேரம் கழித்தே தெரியலாம்.

கடைசி வேன் ஊர் சேர்ந்ததும் அன்பியப் பொறுப்பாளர் கோயில் முற்றத்தில் காலையில் எழுதிய தாளை விரித்துப் பெயர் பெயராக வாசிக்க வேண்டும். பதில் வராத பெயர் ஒன்று இருந்தாலும், நிலையத்தில் நிற்கும் கடைசி இரண்டு தொண்டர்கள் அங்கிருந்து நகரக் கூடாது.